பயணப் படங்கள்: திருத்தமும் திரிபும்

சுற்றுலா சென்று திரும்பும் மாணவர் கையில் இந்நாளில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. முன்னாளில் ஒரு படச்சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். ஆதலின் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுத்தார்கள். இன்று செல்பேசியே காமிராவாகவும் இருத்தலின் எடுப்பதற்குக் கணக்கில்லை. ஆனால் வீட்டிற்கு வந்து அப்படங்களைப் பெற்றோருக்குக் காட்டத் தொடங்கும்போது பலருக்கு ஒருவகை ஏமாற்றம் உண்டாகின்றது. “நேரில் பார்த்தபோது இன்னும் அழகாக இருந்தது” என்று சொல்லாத மாணவர் அரியர். வானம் வெளுத்துக் கிடக்கின்றது. கோபுரம் கறுத்து நிற்கின்றது. நேரில் நிமிர்ந்து நின்ற சுவர் படத்தில் பின்னோக்கிச் சாய்வதுபோல் தோன்றுகின்றது. கண்ட காட்சி ஒன்று. கையில் உள்ள படம் வேறொன்று. இந்த வேறுபாடு ஏன் உண்டாகின்றது, கணிப்பொறியின் துணைகொண்டு அதனை எவ்வாறு நீக்கலாம், நீக்கும்போது எந்த எல்லையில் நாம் நின்றுவிட வேண்டும் என்னும் மூன்றையும் இப்போது ஆராய்வோம்.

கண்ணும் காமிராவும் ஒரே அமைப்பு உடையவை என்று அறிவியல் பாடத்தில் கற்கின்றோம். இரண்டிலும் வில்லை உண்டு. ஒளியை ஏற்கும் திரை உண்டு. ஆயினும் ஒரு பெரிய வேற்றுமையை மறந்துவிடுகின்றோம். கண் தனித்து வேலை செய்வதில்லை; அதன் பின்னே மூளை இருக்கின்றது. வெளிச்சம் மிக்க இடத்தை நோக்கும்போது கண்மணி சுருங்குகின்றது; இருண்ட மூலையை நோக்கும்போது விரிகின்றது. இங்ஙனம் பகுதி பகுதியாகக் கண்டவற்றை மூளை ஒன்றுசேர்த்து முழுக்காட்சியாக்கித் தருகின்றது. காமிராவோ ஒரு நொடியின் சிறு கூற்றில், ஒரே அளவான திறப்பில், காட்சி முழுவதையும் ஒருசேரப் பற்ற வேண்டியிருக்கின்றது.

தஞ்சைப் பெரிய கோயிலைச் சான்றாகக் கொள்வோம். கி. பி. 1010-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் கட்டி முடித்த அக்கோயில் கிழக்கு நோக்கியது. வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர் மேற்கு நோக்கி நின்றே விமானத்தைக் காண்பர். மாலை வேளையில் கதிரவன் விமானத்தின் பின்புறம் இறங்குகின்றான். அப்போது நம்மை நோக்கி நிற்பது நிழல் படிந்த பக்கம். அதன் பின்னே இருப்பதோ ஒளி மிகுந்த வானம். நம் கண் இரண்டையும் காண்கின்றது. காமிரா வானத்திற்கு ஏற்ப ஒளியை அளந்தால் விமானம் வெறும் கரிய உருவமாகிவிடும்; விமானத்திற்கு ஏற்ப அளந்தால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். இது படம் எடுத்தவர் குற்றமன்று. கருவியின் இயல்பான குறை.

இக்குறையைக் கணிப்பொறி எவ்வாறு நீக்குகின்றது என்பதை அறியப் படத்தின் உள்ளமைப்பை முதலில் அறிதல் வேண்டும். டிஜிட்டல் காமிராவில், படச்சுருள் இருந்த இடத்தில் சிலிக்கான் தகடு ஒன்று இருக்கின்றது. அதில் இலட்சக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. ஆதலின் அறைகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை வடிகட்டிகள் பதிக்கப்படுகின்றன. கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976-ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்த முறை இது. நான்கு அறைகளுள் பச்சைக்கு இரண்டு, சிவப்பிற்கு ஒன்று, நீலத்திற்கு ஒன்று என்பது அவர் வகுத்த பங்கீடு. நம் கண் பசுநிற ஒளியையே மிகுதியாக உணர்வதால் அதற்கு இருமடங்கு இடம் தந்தார். ஒவ்வோர் அறையிலும் இல்லாத மற்ற இரு நிறங்களின் அளவை அக்கம்பக்கத்து அறைகளைக் கொண்டு காமிராவே கணித்து நிரப்பிக்கொள்கின்றது.

ஆகவே டிஜிட்டல் படம் என்பது எண்களால் ஆகிய பெரியதோர் அட்டவணையே. அகலத்தில் 6,000 புள்ளிகளும் உயரத்தில் 4,000 புள்ளிகளும் கொண்ட படத்தில் மொத்தம் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் இருக்கும். இப்புள்ளியையே பிக்சல் என்கின்றோம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் சுழியானால் கருமை. மூன்றும் 255 ஆனால் வெண்மை. 256-ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள். 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். படத்தைத் திருத்துதல் என்பது இவ்வெண்களை ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டு மாற்றுதலே. அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றுமில்லை.

திருத்துதல் கணிப்பொறியோடு பிறந்த வழக்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பழைய இரசாயனப் பூச்சுகள் நீலநிற ஒளிக்கு மிக விரைவில் வசப்படுபவை. அதனால் நிலத்தைச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1857-ஆம் ஆண்டளவில் கடற்காட்சிகளை எடுத்தபோது, கடலுக்கு ஒன்றும் வானத்திற்கு ஒன்றுமாக இரண்டு நெகடிவ்களை எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இன்று செல்பேசி ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருகின்றதே, அதன் முன்னோடி இதுவேயாகும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக மதுரை, திருவரங்கம், தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று 1858-ஆம் ஆண்டில் பல படங்களை எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இக்காலத்தார் ‘பனோரமா’ என்று ஒரு பொத்தானை அழுத்திச் செய்வதை அவர் கத்தரியும் பசையும் கொண்டு செய்தார். அதே டிரைப், பர்மாவிலும் இந்தியாவிலும் எடுத்த படங்கள் சிலவற்றில், வானம் வெறுமையாக இருந்தமையால், நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். ஒரே மனிதர் செய்த இவ்விரு செயல்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவற்றுக்குத் திரும்பி வருவோம்.

அமெரிக்காவில் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-ஆம் ஆண்டில் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். அகலத்தில் 100, உயரத்தில் 100 ஆகப் பதினாயிரம் புள்ளிகளே அதன் படத்தில் இருந்தன. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. பின்னர், தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் இருவர் எழுதிய ‘போட்டோஷாப்’ என்னும் மென்பொருள் 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் திறமையைப் பிறர்க்கு விளக்கிக் காட்ட அவர்கள் முதலில் பயன்படுத்திய படங்களுள் ஒன்று, பசிபிக் மாக்கடலில் உள்ள போரா போரா என்னும் தீவிற்கு விடுமுறை சென்றபோது ஜான் நோல் கடற்கரையில் எடுத்த படமாகும். பயணப் படத்திற்கும் திருத்தும் மென்பொருளுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது. பொருட்செலவு செய்ய இயலாத மாணவர் வருந்த வேண்டுவதில்லை. பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இருவர் 1995-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய ‘கிம்ப்’ என்னும் மென்பொருளும், ‘டார்க்டேபிள்’ என்பதும் விலையின்றிக் கிடைப்பவை. நம்மைப் போன்ற மாணவர் செய்தளித்த கருவி என்பதே கிம்ப்பிற்குத் தனிப் பெருமை அன்றோ?

இனி, திருத்துவதற்குரிய நெறி யாது? அதனை நம் தமிழ் வரலாற்றிலிருந்தே பெறலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். சுவடிகளில் பிழைகள் மலிந்திருந்தன. ஏட்டைப் பார்த்து எழுதியவர் கைப்பிழையால் எழுத்து மாறிய இடங்களைப் பல சுவடிகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார். வேறு பாடங்கள் கண்டபோது அவற்றையும் குறித்தார். ஆனால் செல் அரித்து அழிந்துபோன அடிகளைத் தாமே இயற்றிச் சேர்த்தாரா? இல்லை, சிதைந்தவற்றைச் சிதைந்தன என்றே காட்டினார். பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. 1904-இல் அதனைப் பதிப்பித்தபோது எஞ்சிய எட்டுப் பத்துகளையே வெளியிட்டார். பெயரிலே பத்து இருக்கின்றதே என்று இருபது பாடல்களை எழுதி நிரப்பியிருந்தால், அந்நூலில் எதனையேனும் நாம் நம்ப முடியுமா?

எழுதியவன் கைப்பிழையை நீக்குவது திருத்தம். நூலில் இல்லாததைப் புகுத்துவது திரிபு. படத்திற்கும் இதுவே நெறி. கருவியின் குறையைக் களையலாம். இடத்தின் உண்மையைக் களையலாகாது. இந்த ஓர் உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு, மாலை வேளையில் தஞ்சையில் எடுத்த நம் படத்தை ஒவ்வொரு படியாகத் திருத்திப் பார்ப்போம்.

முதற்படி, மூலத்தைப் பாதுகாத்தல். எடுத்த கோப்பு எப்போதும் அப்படியே இருக்க வேண்டும்; அதன் படியில்தான் வேலை செய்ய வேண்டும். பெரும்பாலான படங்கள் ‘ஜேபெக்’ என்னும் முறையில் சேமிக்கப்படுகின்றன. அம்முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை நீக்கிக் கோப்பைச் சுருக்குகின்றது. நீக்கியது மீண்டும் வாராது. அதே கோப்பைத் திறந்து, மாற்றி, மறுபடி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகப் படம் நலிவடையும். காமிராவில் வசதி இருப்பின் ‘ரா’ என்னும் கோப்பாக எடுத்தல் நன்று. தகடு பதிந்த எண்களை அது பெரும்பாலும் அவ்வாறே வைத்திருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்திற்கு 256 படிகளே உண்டு. 14 பிட் அளவுள்ள ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. திருத்துவதற்கு எவ்வளவு இடம் கிடைக்கின்றது என்பதை இதனால் உணரலாம்.

இரண்டாம் படி, நிமிர்த்தலும் விளிம்பு நறுக்கலும். குளமோ கடலோ படத்தில் இருந்தால் நீர்க்கோடு கிடைமட்டமாக இருக்க வேண்டும். நீர் ஒருபுறம் சாய்ந்து நிற்பது உலகில் இல்லை. கோயிற் படத்திற்கு அடித்தளத்தின் கோடு உதவும். பின்பு படத்தின் ஓரங்களைப் பாருங்கள். நாம் சொல்ல விரும்பும் செய்திக்கு வேண்டாத பாதி முகம், ஒரு கைப்பை, காலியான தரை ஆகியவை ஓரத்தில் இருந்தால் நறுக்கிவிடலாம். ஆனால் விமானத்தைச் சுற்றியுள்ள வெளியை முற்றும் நறுக்கிவிட்டால் அதன் பெருமை தெரியாது. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தின் கீழே ஒரு மனிதன் சிறு புள்ளியாக நிற்பது படத்திற்கு அளவுகோலாகும், அவனை வெட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் படி, சாய்வைச் சரிசெய்தல். உயரமான கட்டடத்தை எடுக்கக் காமிராவை மேல்நோக்கிச் சாய்க்கின்றோம். அப்போது மேற்பகுதி தொலைவிலும் கீழ்ப்பகுதி அருகிலும் அமைவதால், செங்குத்தான கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்குகின்றன. மென்பொருளில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்னும் பகுதியில் இதனைச் சரிசெய்யலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. விமானம் இயல்பாகவே மேலே செல்லச் செல்லக் குறுகும் அமைப்புடையது. அதன் சரிவுகளைப் பார்த்துத் திருத்தினால் கட்டியவர் வடித்த வடிவத்தையே கெடுத்துவிடுவோம். கீழே உள்ள சுவர்ப்பகுதி செங்குத்தானது. அதில் வரிசையாக அரைத்தூண்கள் உள்ளன. அவ்வரைத்தூண்கள் நேராக நிற்கும் அளவிற்குத் திருத்தி அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எதனைக் கொண்டு அளப்பது என்று தெரிந்தவனே திருத்தத் தகுந்தவன்.

நான்காம் படி, ஒளியைச் சரிசெய்தல். மென்பொருளில் ‘ஹிஸ்டோகிராம்’ என்னும் சிறு வரைபடம் இருக்கும். கணிதப் பாடத்தில் மாணவர் மதிப்பெண்களைத் தொகுத்து வரையும் செவ்வகப்படம் போன்றதே அது. இடக்கோடியில் கருமை, வலக்கோடியில் வெண்மை, எந்த ஒளியளவில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை மேடுகள் காட்டும். மேடு முழுவதும் இடப்புறம் ஒதுங்கியிருந்தால் படம் இருண்டது. வலப்புறம் ஒதுங்கியிருந்தால் வெளுத்தது. வலப்புறச் சுவரில் மோதி நின்றால், அப்புள்ளிகள் எல்லாம் 255 என்னும் எல்லையை எட்டிவிட்டன என்பது பொருள். அங்கே மேகம் இருந்ததா, நீலவானம் இருந்ததா என்பதைக் கோப்பு அறியாது. நிரம்பி வழிந்த குடத்தைப் பார்த்து எவ்வளவு நீர் வழிந்தது என்று யார் சொல்ல முடியும்?

நம் தஞ்சைப் படத்தில் விமானம் இருண்டுள்ளது; வானம் இன்னும் முற்றும் வெளுத்துவிடவில்லை என்று கொள்வோம். ‘ஷாடோஸ்’ என்னும் நிழற்பகுதியை மட்டும் சற்று உயர்த்தி, ‘ஹைலைட்ஸ்’ என்னும் ஒளிமிக்க பகுதியைச் சற்றுத் தாழ்த்தினால், விமானத்துச் சிற்பங்களும் தெரியும், வானமும் இருக்கும். கண் நேரில் செய்ததை இங்கே நாம் கையால் செய்கின்றோம். ஆனால் நிழலை அளவுக்கு மீறி உயர்த்தினால் இரண்டு தீங்குகள் நேரும். இருண்ட பகுதியில் மணலைத் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். ஏனெனில் அங்கே பதிந்த ஒளி சிறிது, கருவியின் இரைச்சலே பெரிது. மற்றொன்று, மாலையில் எடுத்த படம் நண்பகலில் எடுத்ததுபோல் ஆகிவிடும். நிழலும் மாலையின் உண்மையே என்பதை மறவாதீர்கள்.

ஐந்தாம் படி, நிறம். வெளிச்சத்திற்கும் நிறம் உண்டு. அதனைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். அது செம்மஞ்சள் நிறமுடையது. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500; நீலவானத்தின் ஒளி மட்டும் படும் நிழல் 7,000-க்கும் மேற்பட்டது; அதில் நீலம் மிகுதி. விளக்கொளியில் படித்தாலும் தாள் வெண்மையாகவே நமக்குத் தோன்றுகின்றது. மூளை அதனைச் சரிசெய்துவிடுகின்றது. காமிரா தவறாகக் கணித்தால் நிழலில் நின்ற நண்பர்களின் முகம் நீலம் பாய்ந்து நோயுற்றவர்போல் இருக்கும். இதனைத் திருத்துவது ‘ஒயிட் பேலன்ஸ்’ என்னும் வெண்மைச் சமநிலை. படத்தில் வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ இருந்தால், அது வெண்மையாகத் தோன்றும்வரை திருத்தலாம். இங்கு மாணவர்க்கு ஓர் ஐயம் எழும். மென்பொருளில் கெல்வின் எண்ணைக் கூட்டினால் படம் நீலமாகாமல் மஞ்சளாகின்றதே, ஏன்? “எடுத்த இடத்து ஒளி இவ்வளவு நீலமானது” என்று நாம் மென்பொருளுக்கு அறிவிக்கின்றோம். அது அந்த நீலத்தை ஈடுசெய்ய மஞ்சளைச் சேர்க்கின்றது. காரணம் அறிந்தால் கருவி நமக்கு ஏவல் செய்யும்.

ஆனால் எல்லாவற்றையும் வெண்மையாக்குவதும் தவறு. மாலைக் கதிர் பட்டுக் கருங்கல் பொன்னிறம் கொள்வது கருவியின் குறையன்று. அஃது அவ்வேளையின் அழகு. கருவறையில் எண்ணெய் விளக்கு செம்மை பரப்புவதும் அவ்வாறே. பல கோயில்களில் கருவறையைப் படம் எடுக்க அனுமதியில்லை. அவ்விதியை மதிக்க வேண்டும். இனி, ‘சாச்சுரேஷன்’ என்னும் நிறச்செறிவு. இதில்தான் இளைஞர் பெரும்பாலும் எல்லை மீறுகின்றனர். வயலின் பச்சையும் வானத்தின் நீலமும் மிட்டாய்த் தாள்போல் மின்னும்வரை ஏற்றிவிடுகின்றனர். கறிக்கு உப்பு எவ்வளவோ, படத்திற்கு நிறச்செறிவு அவ்வளவே. ஏற்றிய பின் பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துப் பிறகு பாருங்கள். மிகை தானே தெரியும்.

ஆறாம் படி, துடைத்தல். காமிராத் தகட்டில் தூசி படிந்தால் வானத்தில் கரும்புள்ளி தோன்றும். அதனை அகற்றப் பக்கத்துப் புள்ளிகளை எடுத்து ஒட்டும் கருவி மென்பொருளில் உண்டு. தூசி வானத்தில் இருந்ததன்று, கருவியில் இருந்தது. ஆகவே துடைப்பது திருத்தமே. தெருவில் ஓடும் மின்கம்பி அப்படிப்பட்டதா? அஃது அங்கே இருந்தது. திருப்பணிக்காகக் கட்டிய சாரம் அங்கே இருந்தது. அவற்றைத் துடைத்தால் படம் அழகாகலாம். ஆனால் அதனை அந்த இடத்தின் படம் என்று சொல்லும் உரிமை குறைந்துவிடும். கம்பி வேண்டாமென்றால் இரண்டடி நகர்ந்து நின்று எடுப்பதே நேர்மையான வழி.

ஏழாம் படி, கூர்மையாக்கலும் சேமித்தலும். கூர்மையாக்கும் கருவி, பொருள்களின் விளிம்பில் கருமையையும் வெண்மையையும் சற்று மிகுவித்துக் கண்ணுக்குத் தெளிவு தோன்றச் செய்கின்றது. கை நடுங்கி மங்கிய படத்தை அது பெரும்பாலும் மீட்காது. இவ்வேலையை எல்லாத் திருத்தங்களும் முடிந்தபின், படத்தை முழு அளவில் வைத்துப் பார்த்துச் செய்ய வேண்டும். முடிந்ததும் புதுப் பெயரில் சேமித்து, இடம், நாள், நேரம், எத்திசையிலிருந்து எடுத்தது என்னும் குறிப்பையும் எழுதி வையுங்கள். குறிப்பில்லாத படம் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

எல்லை கடந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ இதழ் 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத அட்டையில் எகிப்து நாட்டுக் கீசாவின் பிரமிடுகளை வெளியிட்டது. மூலப் படம் கிடையாக அமைந்தது. அட்டையோ நெடுக்காக அமைந்தது. அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காகக் கணிப்பொறியால் ஒரு பிரமிடை மற்றொன்றின் அருகே நகர்த்திவிட்டனர். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அசையாதது ஓர் அட்டைக்காக அசைந்தது! கண்டனம் எழுந்தது, செய்தது தவறென்று பிற்காலத்தில் அவ்விதழே ஒப்புக்கொண்டது. பிரமிடுகளின் அழகு அதனால் குறையவில்லை. ஆனால் இதழின் மற்றப் படங்களையும் வாசகர் ஐயக்கண் கொண்டு பார்க்கும் நிலை வந்தது. ஒரு திரிபு பல உண்மைகளின்மேல் நிழல் வீழ்த்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அன்று அதற்கு விலையுயர்ந்த பெரும் பொறி தேவைப்பட்டது. இன்று நம் செல்பேசியே வானத்தை மாற்றும், கூட்டத்தை நீக்கும். 2023-ஆம் ஆண்டிலிருந்து போட்டோஷாப்பிலும், ஓரிடத்தைக் கோடிட்டுக் காட்டினால் அங்கே புதிய உருவங்களைச் செயற்கை அறிவு தானே படைத்து நிரப்பும் வசதி வந்துள்ளது. அக்கருவி எதனைக் கொண்டு நிரப்புகின்றது? முன்பு பயின்ற எண்ணற்ற படங்களைக் கொண்டு, அங்கே எது இருந்தால் பொருத்தமாகத் தோன்றுமோ அதனை நிரப்புகின்றது. உண்மையில் அங்கே எது இருந்தது என்பதை அது காணவில்லை. அதனால் காணவும் முடியாது.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை ஒரு மாணவர் படம் எடுக்கின்றார் என்று கொள்ளுங்கள். ஓரிடத்தில் கல் சிதைந்து இரண்டெழுத்துகள் மறைந்துள்ளன. அழகு கருதி அச்சிதைவை மென்பொருளால் ‘சரிசெய்து’ விடுகின்றார். மென்பொருள் பக்கத்து எழுத்தின் கோடுகளைக் கொண்டு எழுத்துப்போன்ற ஒன்றை அங்கே வரைந்துவிடுகின்றது. அப்படம் பலர் கைக்கும் போகின்றது. சில காலம் கழித்துக் கல்லின் அப்பகுதி மேலும் தேய்ந்துவிட்டால், இராசராசன் காலத்துச் சொல்லுக்குச் சாட்சியாக அந்தப் படமே எஞ்சலாம். அப்போது அதனைப் படிப்பவர் கல்தச்சன் வெட்டிய எழுத்தைப் படிக்கவில்லை; எவரும் எழுதாத எழுத்தைப் படிக்கின்றார். சாமிநாதையர் இட்ட புள்ளிக்கோட்டின் மதிப்பு இங்கே விளங்குகின்றது. தெரியாததைத் தெரியாதது என்று காட்டும் இடைவெளியும் ஒரு செல்வம்.

முன்னே சொன்ன டிரைப்பின் இரு செயல்களை இப்போது நினைத்துப் பாருங்கள். 21 படங்களை ஒட்டி அவர் செய்த கல்வெட்டுப் படத்தை, 1858-ஆம் ஆண்டில் அக்கல் இருந்த நிலைக்குச் சான்றாக இன்றும் ஆராய்ச்சியாளர் கொள்ளலாம். அவர் தீட்டிய மேகங்களைக் கொண்டு அன்று மழை வந்ததா என்று எவரும் சொல்ல முடியாது. ஒரே கை செய்த ஒட்டுவேலை சான்றாக நின்றது. தீட்டிய வண்ணம் அணியாக மட்டும் நின்றது. துண்டுகளை ஒட்டியதால் இல்லாதது எதுவும் கல்லில் சேரவில்லை. வண்ணத்தாலோ இல்லாதது வானில் சேர்ந்தது.

கற்பனைப் படமே கூடாது என்பது கருத்தன்று. ஓவியன் கடலைச் சிவப்பாக்கலாம். நீங்களும் படத்தை ஓவியம்போல் மாற்றி மகிழலாம். அப்போது அதன் கீழே ‘மாற்றியமைத்த படம்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், குற்றம் ஒன்றுமில்லை. கதையைக் கதை என்று சொல்பவன் பொய்யன் அல்லன். கதையை வரலாறு என்று சொல்லும்போதுதான் பொய் பிறக்கின்றது.

மாணவ நண்பர்களே, அடுத்த சுற்றுலாவிலிருந்து திரும்பியதும் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஒரே படத்தை எடுத்து, மேலே கூறிய படிகளின்படி அளவோடு திருத்திய ஒன்றையும், மனம்போன போக்கில் மெருகேற்றிய ஒன்றையும் அணியமாக்குங்கள். மூலத்தையும் சேர்த்து மூன்றையும், உங்களோடு அங்கே வந்த தோழர் ஒருவரிடம் காட்டுங்கள். “எது அழகு?” என்று கேட்காதீர்கள், “நாம் பார்த்தது எது?” என்று கேளுங்கள். அவர் தயங்காமல் நடுப்படத்தைத் தொட்டுக் காட்டுவாராயின், நீங்கள் திருத்தக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள்.